"கவர் வேண்டாம், பை இருக்கு": அன்றாட வாழ்வில் பிளாஸ்டிக்கைக் குறைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் எங்கள் தெருவில் நாலைந்து வருடமாகப் பையும் தூக்குவாளியுமாகக் கடைக்குப் போய் வருகிறேன். அதனாலேயே பக்கத்து வீட்டுக்காரர்கள், கடைக்காரர்கள், சொந்தக்காரர்கள் என்று பலரும் நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

தமிழ்நாட்டில் எந்தெந்தப் பிளாஸ்டிக்குக்குத் தடை?

2018 ஜூன் 5 அன்று சட்டமன்றத்தில் அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். மொத்தம் 14 பொருட்கள். கேரி பேக், சாப்பாட்டை மடிக்கும் தாள், சாப்பாட்டு மேஜை மேல் விரிக்கும் தாள், தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட், உறிஞ்சு குழல், பிளாஸ்டிக் கொடி, பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப், பேப்பர் தட்டு, துணி மாதிரியே இருக்கும் நான்-ஓவன் பை ஆகியவை அதில் முக்கியமானவை.

இதில் ஒரு விஷயத்தைப் பலர் தப்பாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். "இது கெட்டி கவர்க்கா, இதுக்குத் தடை இல்ல" என்று கடையில் சொல்வார்கள். மத்திய அரசின் விதியில்தான் 120 மைக்ரானுக்குக் குறைந்த கேரி பேக் கூடாது என்று கனக் கணக்கு இருக்கிறது. தமிழ்நாட்டின் ஆணையில் அந்தக் கணக்கே கிடையாது. மெல்லியதோ கெட்டியோ, கேரி பேக் என்றால் தடைதான். பால், தயிர், எண்ணெய், மருந்து உறைகள் போன்ற சிலவற்றுக்கு விலக்கு கொடுத்தார்கள்.

2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்க இன்னொரு பட்டியலும் அமலில் இருக்கிறது. பிளாஸ்டிக் ஸ்பூன், ஐஸ்கிரீம் குச்சி, பிளாஸ்டிக் காம்பு வைத்த காது குடையும் குச்சி, ஸ்வீட் பாக்ஸுக்கு மேல் சுற்றும் கண்ணாடித் தாள் எல்லாம் அதில் வருகின்றன.

தடை இருக்கும்போது கடையில் கவர் எப்படிக் கிடைக்கிறது?

தயாரிக்கிற இடத்தில் முழுசாக நிற்கவில்லை, அது அரசு செய்ய வேண்டிய வேலை. சோதனைக்கு ஆள் வரும் வாரம் கவர் கல்லாவுக்கு அடியில் போய்விடும், அடுத்த வாரம் வெளியே வந்துவிடும். ஆனால் நம் பக்கமும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல நான் ரேஷன் கடையைத்தான் எடுத்துக்காட்டுவேன்.

ரேஷன் கடையில் யாராவது கவர் கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? அரிசிக்கு ஒரு சாக்குப் பை, சர்க்கரைக்கு ஒரு துணிப்பை, பருப்புக்கு ஒரு சின்னப் பை என்று கணக்காக எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறோம். மண்ணெண்ணெய் ஊற்றிய நாளில் கேனும் கையுமாக நின்றோம். அங்கே தரமாட்டார்கள் என்று தெரியும், அதனால் கொண்டு போகிறோம். அதே நாம்தான் சாயங்காலம் அண்ணாச்சி கடைக்குக் கையை வீசிக்கொண்டு போய், கால் கிலோ துவரம் பருப்புக்கு ஒரு கவர், அதைப் போட்டுக்கொள்ள இன்னொரு கவர் என்று வாங்கி வருகிறோம். பை எடுத்துப் போகும் பழக்கம் நம்மிடம் இல்லாமல் இல்லை. ஒரு கடைக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர் ஒருமுறை சொன்னது: "கவர் இல்லன்னு சொன்னா அடுத்த கடைக்குப் போயிடுறாங்கக்கா. எனக்கு மட்டும் காசு போட்டு வாங்க ஆசையா?"

எங்கே தொடங்குவது? வீடு முழுக்கப் பிளாஸ்டிக்காகத் தெரிகிறது.

எண்ணிப் பார்ப்பதில் தொடங்குங்கள். நாங்கள் அப்படித்தான் தொடங்கினோம். ஒரு வாரம் வீட்டுக்குள் வந்த எல்லாக் கவரையும் கழுவி, சமையலறை ஜன்னல் கம்பியில் கட்டிய கயிற்றில் கிளிப் போட்டு மாட்டினோம். நான்கு பேர் இருக்கும் வீடு. ஞாயிற்றுக்கிழமை எண்ணினால் 47.

அதில் 16 பால், தயிர் பாக்கெட். காய்கறிக் கவர் 9. பிஸ்கட், சிப்ஸ், ஷாம்பு உறை 4. மருந்துக்கடை, பூ, மளிகை என்று சில்லறையாக 7. மிச்சம் 11 கவர் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அந்த வாரம் இரண்டே முறை வாங்கிய பார்சலிலிருந்து. பரோட்டா பார்சலில் சால்னாவுக்கு இரண்டு, வெங்காயத்துக்கு ஒன்று, மடித்த தாள் ஒன்று, எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்த பை ஒன்று. இட்லி பார்சலில் ஆறு.

எண்ணிய பிறகுதான் வழி தெரிந்தது. பால் பாக்கெட்டை உடனே நிறுத்த முடியாது, சரி. காய்கறியும் பார்சலும் நம் கையில் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து 20. அடுத்த மாதமே அதில் பெரும்பகுதி நின்றுவிட்டது. உங்கள் வீட்டுக் கணக்கு வேறு மாதிரி இருக்கும். எண்ணாமல் மூங்கில் பல்துலக்கியும் கண்ணாடி ஜாடியும் வாங்குவதில் இறங்காதீர்கள்.

பை எடுத்துப்போக மறந்துவிடுகிறதே?

எல்லோருக்கும் நடப்பதுதான். பை வீட்டுக்குள் அலமாரியில் இருந்தால் மறக்கத்தான் செய்யும். வண்டிச் சாவி மாட்டும் ஆணியிலேயே ஒரு பையை மாட்டுங்கள். வண்டி டிக்கியில் ஒன்று, ஆபீஸ் பைக்குள் நான்காக மடித்த ஒன்று. காய்கறியை இறக்கி வைத்ததும் பை திரும்ப ஆணிக்குப் போய்விட வேண்டும். இந்தக் கடைசி வேலையில்தான் நாங்கள் முதலில் கோட்டை விட்டோம்.

காய்கறிக்கு ஒரே பையில் எல்லாவற்றையும் கொட்டினால் தக்காளி நசுங்கும். பழைய வேட்டியிலோ பருத்திப் புடவையிலோ சின்னச் சின்னச் சுருக்குப் பை நாலைந்து தைத்துக்கொள்ளுங்கள். கனமானதை முதலில் வாங்கி அடியில் போட்டு, தக்காளி, கீரையைக் கடைசியில் வாங்கினால் அதுவும் தேவையில்லை. எங்கள் பாட்டி சந்தைக்குப் போகும் வரிசையே அப்படித்தான் இருக்கும்: கிழங்கு, பூசணி, கத்தரிக்காய், கடைசியில் கீரை.

மஞ்சப்பை தூக்குவதில் கூச்சம் என்று சில இளைஞர்கள் சொல்கிறார்கள். "மஞ்சப்பையத் தூக்கிக்கிட்டு வந்துட்டான்" என்று பட்டிக்காட்டு ஆளைக் கேலி செய்த காலம் ஒன்று இருந்தது உண்மைதான். 2021 டிசம்பர் 23 அன்று தமிழக அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியது. கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம்கூட வைத்தார்கள்.

ஜவுளிக்கடையில் தருவது துணிப்பைதானே?

பெரும்பாலும் துணியாக இருக்காது. பையைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். துணி என்றால் குறுக்கும் நெடுக்குமாக இழை ஓடும், ஓரத்தில் ஒரு நூலை உருவி எடுக்கலாம். நான்-ஓவன் பையில் இழையே இருக்காது. சின்னச் சின்னப் புள்ளியாக அச்சு குத்தினமாதிரி இருக்கும், தையலுக்குப் பதில் ஓரங்கள் சூட்டில் ஒட்டியிருக்கும். ஒரு துண்டை வெட்டி இடுக்கியில் பிடித்து நெருப்புக் காட்டினால் பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். இது சுருங்கி, உருகி, ஆறினதும் கெட்டி மணியாக நிற்கும். காரணம், அது பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கேதான். ஒரு வருடம் பரண்மேல் கிடந்தால் தொட்டதும் மாவாக உதிரும். அந்தத் தூளைக் கூட்டி அள்ளவும் முடியாது.

துணிப்பை தயாரிக்கவும் தண்ணீரும் மின்சாரமும் செலவாகிறதே, அது மட்டும் நல்லதா?

நியாயமான கேள்வி. பருத்தி சும்மா விளைவதில்லை. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட கணக்குப்படி, புவி வெப்பமாவதை மட்டும் வைத்துப் பார்த்தால், ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்தினால்தான் ஒரே தடவை பயன்படுத்தி எறியும் மெல்லிய கவருக்கு ஈடாகும். வாரத்துக்கு இரண்டு முறை என்றால் ஒன்றேகால் வருடம். நல்ல துணிப்பை அதைத் தாண்டி உழைக்கும். ஆனால் கல்யாணத்துக்குக் கல்யாணம் தாம்பூலப் பை வாங்கி வந்து பீரோவில் அடுக்கினால் கணக்கு தலைகீழாகிவிடும்.

அந்தக் கணக்கில் வராத செலவு ஒன்றும் இருக்கிறது. துணிப்பை சாக்கடையை அடைக்காது, மாட்டு வயிற்றில் தங்காது. 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் ஒரு பசுவின் வயிற்றைத் திறந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தார்கள். சாப்பாட்டு மிச்சத்தைக் கவரில் கட்டித் தெருவில் போட்டால் மாடு முடிச்சை அவிழ்த்தா சாப்பிடும்? கவரோடுதான் விழுங்கும்.

புதிதாகப் பை வாங்காமல், வீட்டில் கிழிந்த துணியில் தைத்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை.

ஹோட்டலுக்குப் பாத்திரம் கொண்டு போனால் ஒருமாதிரி பார்க்கிறார்களே?

முதல் இரண்டு முறை பார்ப்பார்கள். மூன்றாவது முறை கைநீட்டி வாங்கிக்கொள்வார்கள். எங்கள் பரோட்டா கடையில் தூக்குவாளி கொண்டு போனால் சால்னா ஒரு கரண்டி கூடவே விழுகிறது.

எதைக் கொண்டு போவது என்பதில் கொஞ்சம் யோசனை வேண்டும். வாய் அகலமான பாத்திரம் கொடுங்கள். கூட்ட நேரத்தில் குறுகிய வாய்க்குள் ஊற்றச் சொன்னால் யாருக்கும் எரிச்சல் வரும். சாம்பாருக்கு ஒரு தூக்கு, சட்னிக்கு இரண்டு சின்ன டப்பா, இட்லிக்கு வாழை இலை போட்ட எவர்சில்வர் டப்பா. நான்கடுக்கு டிபன் கேரியர் இருந்தால் ஒரே கையில் வேலை முடிந்தது. பணம் கட்டும்போதே "அண்ணே, பாத்திரம் கொண்டுவந்திருக்கேன்" என்று சொல்லிவிடுங்கள். கட்டி முடித்த பிறகு சொன்னால் அந்தக் கவரை அவிழ்த்து ஊற்றிவிட்டுக் குப்பையில்தான் போடுவார்கள்.

கொதிக்கிற சாம்பாரை மெல்லிய கவரில் ஊற்றி ரப்பர் பேண்ட் போடுவதைப் பார்க்கும்போது எனக்கு இப்போதும் வயிறு கலங்குகிறது. அந்தக் கவர் சூடான உணவுக்கென்று செய்ததல்ல.

டீக்கடையில் பேப்பர் கப் பரவாயில்லையா?

இல்லை. பேப்பர் மட்டும் என்றால் டீ ஊறி ஒழுகிவிடும். ஒழுகாமல் இருப்பதற்கு உள்பக்கம் பிளாஸ்டிக் படலம் பூசியிருக்கிறது. கப்பைக் கிழித்துத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துப் பாருங்கள், மெல்லிய தோல் மாதிரி தனியாக வரும். 85 முதல் 90 டிகிரி சூடுள்ள பானம் 15 நிமிடம் இருந்தால், 100 மில்லியில் சுமார் 25,000 நுண்துகள்கள் கலக்கின்றன என்று கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். இந்தக் கப்புக்கும் 2019 தடை பொருந்தும். தயாரிப்பாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போயும் 2023-இல் தடை செல்லும் என்றே தீர்ப்பு வந்தது.

கண்ணாடி கிளாஸில் கேளுங்கள். கழுவுவதில் நம்பிக்கை இல்லையென்றால், "வெந்நீர்ல ஒரு தடவ அலசிக் குடுங்கண்ணே" என்றால் செய்து தருகிறார்கள். ஆபீஸுக்குப் பத்து டீ வாங்கிப் போகிறவர்கள் பிளாஸ்க்கும் ஆளுக்கொரு டம்ளரும் வைத்துக்கொள்ளலாம்.

கறியும் மீனும் ஈரமாக இருக்குமே, அதற்கு?

மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவோ தூக்குச்சட்டியோ போதும். எடை போடும்போது டப்பா எடையைக் கழித்துவிடுவார்கள். தடை வந்த புதிதில் பல கறிக்கடைகளில் தேக்கிலையிலும் தாமரை இலையிலும் பனை ஓலைப் பெட்டியிலும் கட்டித் தந்தார்கள். நல்ல மணமாக இருந்தது. எங்கள் பக்கம் அது நீடிக்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம்தான். பூ வாங்கினால் இன்றைக்கும் இலையில் கட்டி வாழைநார் சுற்றித் தருகிற அம்மாக்கள் இருக்கிறார்கள். அவர்களிடமே வாங்குங்கள்.

பால் பாக்கெட்டுக்கு என்ன வழி?

பக்கத்தில் கறவை மாடு வைத்திருப்பவர் இருந்தால் சொம்பில் வாங்கலாம். இல்லையென்றால் இரண்டு அரை லிட்டருக்குப் பதில் ஒரு லிட்டர் பாக்கெட். தயிரை வீட்டில் உறை ஊற்றிக்கொண்டால் எங்கள் வீட்டில் வாரத்துக்கு நான்கு பாக்கெட் குறைந்தது.

பாக்கெட் வெட்டும்போது முனையைத் துண்டாக நறுக்கி எடுக்காதீர்கள். அந்த நகத்தளவு துண்டு எந்தப் பழைய பேப்பர்காரர் மூட்டையிலும் சேராது, நேராகச் சாக்கடைக்குப் போகும். பாதி வெட்டி, முனை ஒட்டிக்கொண்டே இருக்கும்படி விடுங்கள். காலி பாக்கெட்டைக் கழுவிக் காயவைத்துச் சேர்த்தால் பழைய இரும்புக் கடையில் எடைக்கு எடுப்பார்கள்.

ஷாம்பு, பிஸ்கட், சிப்ஸ் பாக்கெட்?

இவைதான் கஷ்டமானவை. சிப்ஸ் பாக்கெட்டின் உள்பக்கம் பளபளவென்று இருப்பது அலுமினியப் பூச்சு. அதோடு பிளாஸ்டிக் அடுக்குகளும் ஒட்டியிருப்பதால் பிரித்தெடுக்க முடியாது, யாரும் காசு கொடுத்து வாங்குவதும் இல்லை.

ஒரு தடவைக்கு மட்டும் ஆகும் சின்ன ஷாம்பு உறை, அதாவது சாஷே, பிறந்ததே நம் கடலூரில்தான். அங்கிருந்த சின்னி கிருஷ்ணன் என்பவரின் யோசனை அது. பாட்டில் வாங்கப் பணமில்லாத வீட்டுக்கும் ஷாம்பு போய்ச் சேர்ந்தது. அதனால் தினக்கூலி வாங்கும் ஒருவரிடம் போய் சாஷே வாங்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மாதச் சம்பளம் வாங்கும் வீடுகள் பெரிய பாட்டிலோ சீயக்காயோ வாங்கலாம். சிப்ஸுக்குப் பதில் கடலை, பொரி, முறுக்கு என்று எடைக்கு வாங்கி டப்பாவில் போட்டால் குழந்தைகளும் சாப்பிடுகிறார்கள்.

எல்லாவற்றையும் மறுசுழற்சி செய்துவிட்டால் போதாதா?

போதாது. 2015 வரை உலகத்தில் உருவான பிளாஸ்டிக் குப்பையில் 9 சதவீதம்தான் மறுசுழற்சி ஆகியிருக்கிறது. 12 சதவீதம் எரிக்கப்பட்டது. 79 சதவீதம் குப்பை மேட்டிலோ மண்ணிலோ கடலிலோ இருக்கிறது. தண்ணீர் பாட்டில், கெட்டி டப்பா, பக்கெட் இவற்றுக்கு விலை உண்டு, பழைய பேப்பர்காரர் எடுத்துக்கொள்வார். குழம்பு ஒட்டிய கவருக்கு விலை கிடையாது.

எங்கள் ஊர் தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் வேறொரு வழி காட்டினார். பிளாஸ்டிக் குப்பையைத் துண்டு துண்டாக்கிச் சூடான ஜல்லியின் மேல் உருக்கிப் பூசி, அதன்மேல் தார் கலந்து சாலை போடும் முறை. 2018-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எங்களுக்கெல்லாம் பெருமைதான். ஆனால் சாலைக்குப் போக வேண்டிய கவரும் முதலில் தனியாகப் பிரிந்து, சுத்தமாக, காய்ந்து வர வேண்டும். ஈரக் குப்பையோடு ஒரே பையில் கட்டிப் போட்டால் அவனியாபுரம் வெள்ளக்கல் குப்பைக் கிடங்குக்குத்தான் போகும்.

'மக்கும் பிளாஸ்டிக்' என்று எழுதியிருந்தால் வாங்கலாமா?

சோளம், மரவள்ளி மாவுச்சத்தில் செய்யும் உண்மையான மக்கும் பைகள் இருக்கின்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் எண் பையில் அச்சாகியிருக்க வேண்டும். அதுவும் உரம் தயாரிக்கும் ஆலையின் சூட்டில் மக்குவதற்கென்று செய்தது. சாக்கடையிலும் கடலிலும் அதே வேகத்தில் மக்காது. எண் எதுவும் இல்லாமல் பச்சை நிறத்தில் இலை படம் மட்டும் போட்டிருந்தால் நம்ப வேண்டாம்.

கவரைச் சேர்த்து எரித்துவிட்டால் தீர்ந்ததா?

தயவுசெய்து வேண்டாம். வெந்நீர் அடுப்பு பற்றவைக்க ஒரு கவரைக் கொளுத்திப் போடுவது பல வீடுகளில் வழக்கம். அந்தப் புகை முதலில் போவது அடுப்பு முன்னால் குத்தவைத்திருப்பவர் நெஞ்சுக்குள். பி.வி.சி. என்ற வகைப் பிளாஸ்டிக் கலந்திருந்தால் டயாக்சின் என்ற கொடிய நச்சு வரும். தேங்காய் நாரும் காய்ந்த பன்னாடையும் அதைவிட நன்றாகவே பிடிக்கும். போகிக்கும் இதேதான்: பழைய பாயை எரிக்கலாம், டயரையும் பிளாஸ்டிக்கையும் வேண்டாம்.

வீட்டில் கல்யாணம் வருகிறது. என்ன செய்யலாம்?

சமையல்காரரிடம் பேச்சு முடிக்கும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள், பிறகு மாற்றுவது கஷ்டம். வாழை இலை எப்படியும் இருக்கிறது. இலைக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் விரிக்க வேண்டாம். இலைக்கு ஒரு சின்னத் தண்ணீர் பாட்டிலுக்குப் பதில் எவர்சில்வர் டம்ளர் வாடகைக்குக் கிடைக்கும். தண்ணீர் ஊற்ற இரண்டு ஆளைக் கூடுதலாகக் கேட்பார்கள், கொடுங்கள். பாட்டில் செலவைக் கணக்குப் பார்த்தால் பெரிய வித்தியாசம் வராது. ஐஸ்கிரீமுக்கு மரக் கரண்டி, டிபனுக்குப் பாக்கு மட்டைத் தட்டு. எங்கள் அக்கா மகள் கல்யாணத்தில் பந்தியில் பாதி பாட்டில் தண்ணீர் மீந்து கிடக்கும் காட்சியே இல்லை. பெரியவர்கள்தான் அதை முதலில் கவனித்துச் சொன்னார்கள்.

மாதவிடாய் நாப்கினிலும் பிளாஸ்டிக்கா?

ஆமாம், மேல்படலமும் அடிப்படலமும் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். துவைத்துப் பயன்படுத்தும் துணி நாப்கின் இருக்கிறது, ஆரோவில்லில் பெண்கள் தைத்து விற்கிறார்கள். நாப்கினுக்குப் பதிலாகப் பயன்படுத்தும் சிலிகான் மாதவிடாய்க் கப் ஒன்று வாங்கினால் பல வருடம் வரும். ஆனால் தண்ணீர் வசதியும் துணி காயவைக்க மறைவான வெயிலும் இல்லாத பெண்ணை இதில் வற்புறுத்தக் கூடாது. முடிகிறவர்கள் மாறினால் போதும்.

ஏற்கெனவே இருக்கும் பிளாஸ்டிக் டப்பாக்களைத் தூக்கிப் போட்டுவிடவா?

வேண்டாம். பருப்பு, உளுந்து போட்டு வைத்திருக்கும் டப்பா உடையும்வரை இருக்கட்டும். சூடானதை மட்டும் அதில் போடாதீர்கள்.

என் மாமியார் கவரையெல்லாம் கழுவி, மடித்து, மெத்தைக்கு அடியில் சேர்த்து வைக்கிறார். எப்படிப் புரிய வைப்பது?

புரிய வைக்க வேண்டியதில்லை. எந்தப் பொருளையும் ஒரே தடவையில் எறிந்து பழகாதவர் அவர். நாளைக்குக் காய்கறி வாங்கப் போகும்போது அந்த மெத்தைக்கு அடியிலிருந்தே நாலு கவரை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போங்கள். பச்சை மிளகாய்க்கும் கொத்தமல்லிக்கும் ஆகும்.